ஏ, பி, சி, டி போட்ட பானங்கள்: சிங்கப்பூரின் நியூட்ரி-கிரேட் சொன்ன வேலையைச் செய்கிறதா?

இந்தப் பானம் நல்லது, அந்தப் பானம் மோசம் என்று தனித்தனியாக எழுதப் போவதில்லை. பேரங்காடியில் போத்தலையோ டின்னையோ கையில் எடுத்தால் முகப்பில் பச்சையிலிருந்து சிவப்பு வரை ஒரு சின்னப் பட்டை இருக்கிறதே, ஏ, பி, சி, டி என்று நான்கு எழுத்து போட்டது, அந்த நியூட்ரி-கிரேட் குறியீட்டைப் பற்றித்தான் இந்த விமர்சனம். அரசாங்கம் நமக்காகச் செய்து கொடுத்த பொருள் அது. ஒரு மிக்சி வாங்கினால் சொன்ன வேலையைச் செய்கிறதா, எங்கே மக்கர் பண்ணுகிறது என்று பார்ப்போம் இல்லையா, அப்படியே இதையும் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு நீரிழிவு, மாமியாருக்கு நீரிழிவோடு ரத்த அழுத்தமும் உண்டு. வாரச் சாமான் வாங்குவது நான்தான். அதனால் இந்த எழுத்துகளோடு எனக்குத் தினசரிப் பழக்கம். இங்கே மூன்று இனங்களில் நம் ஆட்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும்தான் சீனர்களைவிட நீரிழிவு கூடுதல் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. பார்க்க ஒல்லியாக இருந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் உடம்பு நமக்கு. அதனால்தான் இங்கே ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) 23-ஐத் தொட்டாலே கவனம் என்றும், 27.5-க்கு மேல் போனால் அதிக ஆபத்து என்றும் வைத்திருக்கிறார்கள். எடை ஏறுவது, சீனி ஏறுவது, அழுத்தம் ஏறுவது, சிறுநீரகம் போவது, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வருவதைச் சொந்தக்காரர்களிடமே பார்த்திருக்கிறோம்.

சரி, இது எப்படி வேலை செய்கிறது? 100 மில்லிலிட்டர் பானத்தில் எத்தனை கிராம் சீனி என்று பார்க்கிறார்கள். 1 கிராமுக்குள் இருந்து இனிப்பூட்டி, அதாவது சீனிக்குப் பதிலாக இனிப்பு தரும் பொருள், எதுவும் சேர்க்காவிட்டால் ஏ. 5 கிராம் வரை பி. 10 வரை சி. அதற்கு மேல் போனால் டி. நிறைவுற்ற கொழுப்புக்கும் இதுபோலத் தனி அளவு உண்டு, இரண்டில் எது மோசமோ அதுதான் பானத்தின் தரம். சி, டி வாங்கிய பானங்கள் கட்டாயம் அந்த எழுத்தை முகப்பில் போட்டாக வேண்டும். ஏ, பி-க்கு விருப்பம்தான், ஆனால் பெரும்பாலும் பெருமையாகப் போட்டுக்கொள்கிறார்கள். எழுத்துக்குக் கீழேயே சீனி எத்தனை விழுக்காடு என்றும் இருக்கும். டி தரம் வாங்கிய பானத்துக்கு விளம்பரமே கூடாது. கடையில் விற்கும் இடத்தில் வைக்கலாம், தொலைக்காட்சி, பேருந்து, இணையம் எதிலும் முடியாது. இப்படித் தடை போட்ட முதல் நாடு சிங்கப்பூர்தான். போத்தல், டின், பாக்கெட்டுகளுக்கு 2022 டிசம்பர் 30 முதல் நடைமுறை. கடையில் அப்போதைக்கப்போது கலந்து தரும் காப்பி, பழச்சாறு, பபிள் டீ வகைகளுக்கு ஒரு வருடம் கழித்து 2023 டிசம்பர் 30 முதல்.

இதற்குப் பின்னால் இருக்கும் கதையும் முக்கியம். 2016-இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்தது. அப்போது 4 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருந்தது, இப்படியே போனால் 2050-இல் அது 10 லட்சமாகும் என்று கணக்குப் போட்டார்கள். இந்தச் சின்னத் தீவில் 10 லட்சம்! அடுத்த வருடம் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் தேசிய தினப் பேரணி உரையில், நாடே உட்கார்ந்து கேட்கும் அந்த மேடையில், நீரிழிவைப் பற்றி நெடுநேரம் பேசினார். அதே 2017-இல் ஏழு பெரிய பான நிறுவனங்கள் 2020-க்குள் 12 விழுக்காட்டுக்கு மேல் சீனி போட மாட்டோம் என்று வாக்குறுதி கொடுத்தன. 12 விழுக்காடு என்றால் 330 மில்லி டின்னில் ஏறக்குறைய 8 தேக்கரண்டி. அதையே பெரிய விட்டுக்கொடுத்தல் மாதிரி அறிவிக்க வேண்டியிருந்தது என்றால் முன்னால் நாம் என்ன குடித்துக்கொண்டிருந்தோம் என்று யோசித்துப் பாருங்கள்.

2018 டிசம்பரில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். சீனி வரி போடலாமா, அதிகச் சீனிப் பானங்களைத் தடை செய்யலாமா, முகப்பில் குறியீடு போடலாமா, விளம்பரத்தைக் கட்டுப்படுத்தலாமா என்று நான்கு வழிகள். இங்குள்ளவர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 12 தேக்கரண்டி சீனி சாப்பிடுகிறார்கள், அதில் பாதிக்கு மேல் பானங்களிலிருந்து வருகிறது என்ற கணக்கையும் அப்போது முன்வைத்தார்கள். பானத்தைக் குறிவைத்தது சரியான முடிவு என்பது என் எண்ணம். இரண்டு லட்டு தின்றால் மூன்றாவதுக்குக் கை போகாது, ஆனால் குடிக்கிற சீனி வயிற்றை நிரப்புவதே இல்லை. ஒரு டின் குடித்துவிட்டுப் போய் வழக்கம்போல முழுச் சாப்பாடும் சாப்பிடுவோம். கடைசியில் 2019 அக்டோபரில் வரியை ஒதுக்கிவிட்டுக் குறியீட்டையும் விளம்பரத் தடையையும் எடுத்துக்கொண்டார்கள்.

இனி விமர்சனத்துக்கு வருகிறேன். இந்தக் குறியீட்டின் பெரிய பலன் பேரங்காடியில் நான் நின்று படிக்கும்போது நடப்பதில்லை. அது ஏற்கெனவே தொழிற்சாலையில் நடந்து முடிந்துவிட்டது. டி வாங்கினால் விளம்பரம் போச்சு, சி வாங்கினால் ஆரஞ்சு எழுத்தை முகத்தில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், பி வாங்கினால் பச்சை. எந்த நிறுவனம்தான் பச்சையை விடும்? பலரும் சீனியைக் குறைத்தார்கள். 2017-இல் போத்தல் பானங்களின் சீனியில் நடு மதிப்பு 7.1 விழுக்காடாக இருந்தது, 2023-இல் 4.6 விழுக்காடு. நானும் என் மாமியாரும் எதையும் படிக்காமல், எதையும் மாற்றாமல், பழைய பழக்கப்படி அதே பானத்தை எடுத்திருந்தாலும் முன்பைவிடக் குறைவான சீனிதான் உள்ளே போயிருக்கும். "மக்கள் பொறுப்பாக இருக்க வேண்டும், அரசாங்கம் என்ன செய்யும்" என்று பேசுகிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். இரண்டு வேலை பார்க்கிற, இரவுப் பணி முடித்து வருகிற மனிதர் போத்தலின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்க மாட்டார். அவர் படிக்காமலே அவருக்கு நல்லது நடப்பதற்குத்தான் கொள்கை என்ற ஒன்று தேவைப்படுகிறது.

பிரிட்டன் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தது. அங்கே 2018 ஏப்ரலில் வரி வந்தது, 100 மில்லிக்கு 5 கிராமைத் தொட்டால் ஒரு வரி, 8 கிராமைத் தொட்டால் அதைவிடக் கூடுதல் வரி. வரி அமலுக்கு வருவதற்கு முன்பே பல நிறுவனங்கள் 5-க்குக் கீழே இறங்கிவிட்டன. வரியோ எழுத்தோ, கோடு எங்கே கிழிக்கப்படுகிறது என்பதுதான் விஷயம்.

ஆனால் அந்தக் கோடே ஒரு சிக்கலும் ஆகிவிட்டது. பி போட்ட போத்தல்களில் எழுத்துக்குக் கீழே இருக்கும் எண்ணைப் பாருங்கள். 4.8, 4.9, 5 என்று கோட்டை ஒட்டியே நிற்பவை நிறைய. பி என்றால் பச்சைதானே என்று பிள்ளைகள் 500 மில்லி போத்தலை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். 4.9 விழுக்காடு என்றால் அந்த ஒரு போத்தலில் 24.5 கிராம், அதாவது 5 தேக்கரண்டி. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது என்கிறது. ஒரு பச்சைப் போத்தலிலேயே அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது! விருந்துக்கு வாங்கும் ஒன்றரை லிட்டர் போத்தல் என்றால் 70 கிராமைத் தாண்டும். 100 மில்லிக்கு எவ்வளவு என்று நிறுவனங்களுக்குக் கணக்குப் போடுவது சரி, யாரும் 100 மில்லி அளந்து குடிப்பதில்லை. போத்தல் முழுவதற்கும் எத்தனை தேக்கரண்டி என்று ஒரு எண் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இதுதான் என் முதல் குறை, பெரிய குறையும் இதுதான்.

இரண்டாவது, இனிப்பூட்டி. சீனியைக் குறைத்த இடத்தில் பல பானங்களில் இனிப்பூட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது. இனிப்பூட்டி சேர்த்தால் ஏ கிடைக்காது என்று விதி வைத்தது ரொம்ப நல்ல விஷயம், அதற்காக அமைச்சைப் பாராட்ட வேண்டும். ஆனால் சீனியே இல்லாத கோலாவும் பி, லேசாகச் சீனி போட்ட பார்லித் தண்ணீரும் பி என்றால் வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. உடல் எடையைக் கட்டுப்படுத்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் சொல்லியிருக்கிறது. அதோடு நாக்கு இனிப்புக்குப் பழகியபடியேதான் இருக்கிறது.

மூன்றாவது குறையை என் மாமியார்தான் கண்டுபிடித்தார். குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, பாலுக்கு சி போட்டிருக்கு, அந்தக் கறுப்புத் தண்ணிக்கு பி போட்டிருக்கு, இனிமே நான் அதைக் குடிக்கட்டுமா?" என்று கேட்டார். முழுக் கொழுப்புப் பாலில் நிறைவுற்ற கொழுப்பு கூடுதல், அதனால் சி வருகிறது. பாலில் இயற்கையாக இருக்கும் லாக்டோசை சீனிக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்குப் புரிகிறது, கொழுப்பு குறைந்த பாலுக்கு மாறச் சொல்கிறார்கள். ஆனால் எலும்பு தேயும் வயதில் இருக்கும் ஒரு மூதாட்டி பாலைவிட கோலா மேல் என்று அந்த எழுத்திலிருந்து புரிந்துகொண்டால் அது அவர் தவறு கிடையாது. பாலுக்கும் பழச்சாறுக்கும் ஒரு வரி விளக்கமாவது வேண்டும். அசல் ஆப்பிள் சாறே பல நேரம் டி வாங்குகிறது, அதை மட்டும் நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன். பழத்தைக் கடித்துத் தின்ன வேண்டியதைப் பிழிந்து குடித்தால் சீனித் தண்ணீர்தான்.

தேயிலை, பால், சீனி மூன்றும் ஒன்றாகக் கலந்த தே தாரிக் (ஆற்றிய பால் டீ) தூள் பைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இது இல்லாத அலமாரி இல்லை. பையில் சொன்ன அளவு வெந்நீர் ஊற்றினால் என்ன சீனி வருமோ அதற்குத்தான் எழுத்து. எங்கள் வீட்டில் எவர்சில்வர் டம்ளரில், சொன்ன அளவில் பாதித் தண்ணீர் ஊற்றி, "திக்கா இருந்தாத்தான் டீ" என்று குடிப்பார்கள், அதுவும் போதாமல் இன்னொரு பை. அப்போது அந்த எழுத்துக்கு அர்த்தமே இல்லை.

இப்போது காப்பிக்கடைக்கு வாருங்கள். பெரிய சங்கிலிக் கடைகளில் பட்டியலிலேயே சி, டி போட்டிருக்கிறது, பபிள் டீயில் சேர்க்கும் முத்துக்கு எத்தனை சீனி என்பது வரை தெரிகிறது, எவ்வளவு சீனி வேண்டும் என்று கேட்டுப் போடுகிறார்கள். அதெல்லாம் நன்றாகவே வேலை செய்கிறது. சின்னக் கடைகளுக்கு விதிவிலக்கு. நான் தினமும் தே வாங்குவது எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கடையில், அங்கே எந்த எழுத்தும் கிடையாது. அந்தக் கடைக்காரர் தே போடுவதைக் கிட்ட நின்று பாருங்கள். கண்ணாடிக் குவளையின் அடியில் டின்னில் வரும் இனிப்புக் கெட்டிப்பால் ஒரு விரல் உயரத்துக்கு வெள்ளையாக இறங்கும், அதன் மேல் சாயத்தை ஊற்றினால் கீழே வெள்ளை மேலே சிவப்பு என்று இரண்டு அடுக்காக நிற்கும், அப்புறம்தான் கலக்குவார். "சியூ டாய்" என்று சொன்னால் டின்னைச் சீக்கிரம் நிமிர்த்திவிடுவார், "கோசோங்" என்றால் டின்னைத் தொடவே மாட்டார். சீனியைக் குறைக்கும் வசதி எந்த அமைச்சும் வருவதற்கு முன்பே நம் காப்பிக்கடைகளில் இருந்தது. ஆனால் ஒன்றும் சொல்லாமல் "தே" என்று மட்டும் கேட்டால் வருவது அந்த ஒரு விரல் கெட்டிப்பால். கேட்காதவருக்குக் குறைவான இனிப்பு, வேண்டும் என்பவர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று வழக்கத்தைத் திருப்பிப் போட வேண்டும். விதிவிலக்கு கொடுத்தது சின்ன வியாபாரிகளின் நன்மைக்கு என்று புரிகிறது, ஆய்வகத்தில் கொடுத்துச் சீனியை அளக்க அவர்களால் முடியாது. ஆனால் முதியவர்கள் காலையிலும் மாலையிலும் உட்காருவது அங்கேதான். அடுக்கடுக்காகச் சங்கிலிக் கடைகளுக்குப் போகிற இளையவர்களுக்கு எழுத்து இருக்கிறது, நீரிழிவு ஏற்கெனவே வந்துவிட்ட தாத்தாவுக்கு இல்லை.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காவடி எடுத்து சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு வரை நடந்து வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பாக்கெட் பானங்களில் பி போட்டது வருவது நல்ல மாற்றம். ஆனால் பக்கத்திலேயே அண்டா நிறையக் கரைத்து வைத்த ரோஸ் சிரப் பாலுக்கு யாரும் எழுத்து போடப் போவதில்லை. அங்கே சீனியைக் குறைப்பது நம் கையில்தான் இருக்கிறது. மோர் கொடுங்கள், பானகத்தில் வெல்லத்தைக் குறைத்துச் சுக்கும் ஏலமும் கூட்டுங்கள்.

தமிழ்நாட்டுக்குப் போகும்போதுதான் இந்த எழுத்தின் அருமை தெரிகிறது. சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் குடிக்கும் மாம்பழப் பாக்கெட்டின் முகப்பில் மாம்பழப் படம்தான் இருக்கும், சீனி எவ்வளவு என்பது பின்னால் கண்ணுக்குத் தெரியாத அளவில். இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் நட்சத்திரக் குறியீடு ஒன்றுக்கு வரைவு வெளியிட்டது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை, சிப்ஸ் பாக்கெட்டுக்கும் ஒன்றரை நட்சத்திரம் கொடுத்தால் ஏதோ விருது வாங்கின மாதிரி இருக்கும். சிலி நாட்டில் 2016 முதல் அதிகச் சீனி, அதிக உப்பு உள்ள பொருள்களில் கறுப்பு எண்கோணம் போடுகிறார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது எச்சரிக்கை என்று புரியும். இந்தியாவில் வரி இருக்கிறது, குளிர்பானத்துக்கு 40 விழுக்காடு. ஆனால் முழுச் சீனி போட்டதற்கும் சீனியே இல்லாததற்கும் ஒரே வரி. அப்புறம் எந்த நிறுவனம் சீனியைக் குறைக்கும்? வரி அரசுக்கு வருமானம் தருகிறது, உடம்புக்கு ஒன்றும் செய்வதில்லை. பிரிட்டனில் செய்தது போலச் சீனி அளவுக்கு ஏற்ற வரி என்று ஒரே ஒரு திருத்தம் செய்தால் போதும், அத்தனை கோடி பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய உதவியாக இருக்கும்!

இங்கே திரும்புவோம். சீனி குறைந்தது, சரி, உடம்பு குறைந்ததா? இல்லை. பருமன் உள்ளவர்கள் 2019-20-இல் 10.5 விழுக்காடு, 2021-22-இல் 11.6 விழுக்காடு. இவை எழுத்து நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய எண்கள்தான், ஆனால் பானத்தில் சீனி குறையத் தொடங்கிய பிறகு வந்தவை. பானத்தில் மட்டும் சீனி குறைந்தால் போதாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நடையைக் கணக்கிட்டுப் பற்றுச்சீட்டு தரும் செயலி இருக்கிறது, 40 வயதுக்கு மேல் ஆளுக்கு ஒரு குடும்ப மருத்துவர் என்று 2023-இல் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி இருக்கிறது, அப்பா அதில் சேர்ந்த பிறகு அவருடைய ரத்தச் சீனி முன்பைவிடக் கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் தட்டு மாறவில்லையே. மீ கோரெங், புரோட்டா, எண்ணெய் மிதக்கும் குழம்பு, எதற்கும் எழுத்து இல்லை.

அடுத்த கட்டமாக 2027 நடுவில் உப்பு, சாஸ், மசாலாச் சேர்வைகள், உடனடி நூடுல்ஸ், சமையல் எண்ணெய் ஆகியவற்றுக்கும் நியூட்ரி-கிரேட் வருகிறது. இதைத்தான் ஆவலாக எதிர்பார்க்கிறேன். இங்கே சராசரியாக ஒரு ஆள் நாளைக்கு 3,620 மில்லிகிராம் சோடியம் சாப்பிடுகிறார், 2,000-க்குள் இருக்க வேண்டியது. மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரை ஒரு பக்கம், சாஸ் போத்தல் மறு பக்கம் என்று இழுபறி நடக்கும் வீடுகள் எத்தனை! பானத்தில் நடந்ததே இங்கும் நடந்தால், நிறுவனங்கள் கோட்டுக்குக் கீழே வர உப்பைக் குறைத்தால், யாரும் எதையும் படிக்காமலே பலருக்கு அழுத்தம் குறையும். நிறைவுற்ற கொழுப்பு கூடுதலாக உள்ள தேங்காய் எண்ணெய்க்கு நல்ல எழுத்து வர வாய்ப்பில்லை, நம் வீடுகளில் ஒரு சண்டை நிச்சயம் உண்டு. இப்போதே தயாராகிக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். தொழிற்சாலையில் சீனியைக் குறைக்க வைத்ததற்கே மூன்று, டி தரத்து விளம்பரத்தைப் பிள்ளைகளின் கண்ணிலிருந்து எடுத்ததற்கு ஒன்று. மீதி ஒன்று, போத்தல் முழுவதற்கும் எத்தனை தேக்கரண்டி என்று எழுத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடும் நாளில். அதுவரை பேரங்காடியில் என்ன செய்யலாம் என்று கேட்டால், பச்சையைப் பார்த்து எடுத்துவிடாமல் கீழே இருக்கும் விழுக்காட்டைப் பாருங்கள், போத்தல் எத்தனை மில்லி என்று பாருங்கள். 500 மில்லி என்றால் அந்த எண்ணே எத்தனை தேக்கரண்டி என்று சொல்லிவிடும், 4 விழுக்காடு என்றால் 4 தேக்கரண்டி. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன், இப்போது அவர்களே எனக்கு முன்னால் கணக்குப் போடுகிறார்கள்.